பெட்டிக்குள் இருக்கும் கப்பல்களை என்ன செய்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விளையாட்டைப் பற்றியவை: ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங். உள்ளங்கையில் அடங்கும் விண்கலங்களை மேசையில் பறக்கவிட்டுச் சண்டை போடும் விளையாட்டு. இதற்கு இனிப் புதிய வெளியீடு எதுவும் வராது என்று 2024 நடுவில் அறிவித்துவிட்டார்கள். அதன் பிறகும் கடிதங்கள் குறையவில்லை. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் இதை ஆடியவன் நான். மூன்றாம் மனிதனைப் போல் தள்ளி நின்று என்னால் பேச முடியாது.

கேள்வி: வீடு மாறும்போது என் அண்ணன் ஒரு பெரிய பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே முப்பது சின்ன விண்கலங்கள், கட்டுக்கட்டாக அட்டைகள், வட்ட டயல்கள். “அது செத்துப்போன ஆட்டம்டா, வேணும்னா வச்சுக்கோ” என்கிறார். நான் இதை ஆடியதே இல்லை. இது என்ன விளையாட்டு? எப்படிச் செத்தது?

அண்ணனிடம் வாதாடாதீர்கள். அவர் அதை மனசார ஆடியவர். பிடிக்காதவர் முப்பது கப்பலையும் ஒன்றுகூட உடையாமல் வைத்திருந்து தம்பியிடம் கொடுக்கமாட்டார்.

முதலில் பெட்டியிலிருந்து ஒரு டயலை எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்ட அட்டைகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான். மேல் அட்டையில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். சுழற்றினால் அதில் ஓர் எண்ணும் அம்புக்குறியும் வரும். நேராக மூன்று, இடப்பக்கம் சாய்ந்து இரண்டு, வலப்பக்கம் சடாரென்று மடங்கி ஒன்று, இப்படி. ஒவ்வொரு சுற்றிலும் நீங்களும் எதிராளியும் உங்கள் உங்கள் கப்பல்களுக்கு டயலைத் திருப்பிக் குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும். அவர் என்ன வைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாம் வைத்து முடித்ததும் திறமை குறைந்த விமானி முதலில் நகர்வார், கூடியவர் கடைசியில். சுடும்போது இது தலைகீழாகும்: கூடியவர் முதலில் சுடுவார். தன் முறை வரும்போது டயலைத் திறந்து, அந்த நகர்வின் நீளத்துக்கும் வளைவுக்கும் ஏற்ப வெட்டிய அட்டை அச்சைக் கப்பலின் முன்னால் பொருத்தி, கப்பலைத் தூக்கி அச்சின் மறுமுனையில் வைக்க வேண்டும். திறந்த பிறகு மாற்ற முடியாது. களத்தில் தடையாக வைத்த விண்கல் மேல் போய் மோதினாலும் மோதியதுதான்.

சதுரங்கத்தில் எதிராளியின் காய் எங்கே நிற்கிறது என்று பார்த்து நகர்த்துவோம். இதில் அவர் கப்பல் எங்கே போகப்போகிறது என்று கணித்து நகர்த்த வேண்டும். பகடை உண்டு, அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் ஆட்டத்தின் உயிர் அந்தக் கவிழ்த்து வைத்த டயலில்தான் இருக்கிறது. பத்து ஆட்டம் ஆடியவருக்கு ‘நேர் இரண்டு’ போனால் கப்பல் எங்கே நிற்கும் என்று கண்ணே சொல்லிவிடும். நூறு ஆட்டம் ஆடியவருக்கு அது நிற்கும்போது மூக்கு எந்தப் பக்கம் பார்க்கும், விண்கல்லின் ஓரம் இடிக்குமா என்பது வரை தெரியும்.

2012இல் அமெரிக்காவின் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஜே லிட்டில். முதல் பெட்டியில் ஓர் எக்ஸ்-விங்கும் இரண்டு டை ஃபைட்டர்களும் இருந்தன. மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். மற்ற மினியேச்சர் விளையாட்டுகளில் பொம்மையை வெட்டி, ஒட்டி, வாரக்கணக்கில் வண்ணம் தீட்டினால்தான் களத்தில் இறக்க முடியும். இதில் கப்பல்கள் வண்ணம் பூசியே வந்தன. பெட்டியைப் பிரித்த அரை மணி நேரத்தில் ஆடத் தொடங்கலாம். பிரபலமானதற்கு அதுவே பாதிக் காரணம். வட அமெரிக்கக் கடைகளின் விற்பனைப் பட்டியலில் வார்ஹாமர் 40,000 என்ற பெரிய மினியேச்சர் விளையாட்டையே சில காலம் பின்னுக்குத் தள்ளியிருந்தது.

2018இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2020 நவம்பரில் விளையாட்டின் பொறுப்பு அதே தாய் நிறுவனத்தின் கீழ் இருந்த அட்டாமிக் மாஸ் கேம்ஸுக்குப் போனது. 2022 தொடக்கத்தில் அவர்கள் விதிகளைப் பெரிய அளவில் மாற்றினார்கள். 2024இல் எக்ஸ்-விங்கும் அதன் உடன்பிறப்பான ஆர்மடாவும் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்டன. ‘எப்படி’ என்பதற்கு இது பதில். ‘ஏன்’ என்று இன்னொருவர் கோபமாகவே கேட்டிருக்கிறார்.

கேள்வி: ஆறு வருடம் போட்டிகளில் ஆடியவன் நான். ஃபேன்டசி ஃப்ளைட் கையில் இருந்தவரை நன்றாக இருந்த ஆட்டத்தை, அட்டாமிக் மாஸ் வாங்கி நாசமாக்கிவிட்டது. இதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லையா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். சரிவு கைமாறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் கைமாறிய பிறகு செய்த ஒரு காரியம் அதை மீளாத சரிவாக்கியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் பதிப்பின் கடைசி வருடங்களை நினைத்துப் பாருங்கள். பேரரசர் பால்பட்டைன் அட்டை இல்லாமல் பேரரசுப் படை போட்டிக்கே போகாது என்ற காலம் ஒன்று இருந்தது. அந்த அட்டை எதில் வந்தது? இம்பீரியல் ரெய்டர் என்ற ராட்சதக் கப்பலின் பெட்டியில். ஒவ்வொரு கப்பலுக்கும் அட்டைக்கும் புள்ளிகளில் ஒரு விலை உண்டு. மொத்தம் 100 புள்ளிக்குள் படை கட்டும் சாதாரண ஆட்டத்தில் அந்தக் கப்பலைக் களத்தில் இறக்கவே முடியாது. டார்த் வேடரின் கலத்தை ஆடத் தகுந்ததாக்கிய திருத்த அட்டையும் அதே பெட்டியில்தான். கட்டைவிரல் நீளமுள்ள ஓர் அட்டைக்காக முழங்கை நீளக் கப்பலை வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! பழைய கப்பல் பலவீனமாகிவிட்டால், அதைச் சரிசெய்யும் அட்டை புதிய கப்பலோடு வரும். அந்தப் புதிய கப்பல் இன்னொரு பழைய கப்பலை ஓரங்கட்டும். இதெல்லாம் ஃபேன்டசி ஃப்ளைட் காலத்துச் சங்கதி.

2018இல் அதே நிறுவனம் எல்லாவற்றையும் அழித்து இரண்டாம் பதிப்பு எழுதியது. நல்ல பதிப்பு. என் கணக்கில் இந்த விளையாட்டு இருந்த வடிவங்களிலேயே அழகானது அதுதான். ஆனால் பழைய அட்டைகளும் டயல்களும் ஒரே நாளில் செல்லாதவையாகிவிட்டன. பழைய கப்பல்களுக்குப் புதிய அட்டையும் டயலும் தரும் மாற்றுப் பெட்டி ஒவ்வொரு அணிக்கும் சுமார் 50 டாலர். மூன்று அணிகளையும் சேர்த்து வைத்திருந்தவர் மூன்று பெட்டி வாங்க வேண்டும். ஒரே வகைக் கப்பல் எட்டு வைத்திருந்தவருக்கு ஒரு பெட்டியில் இருந்த டயல்கள் போதவில்லை. அந்த வாசலிலேயே நின்று திரும்பிப் போனவர்கள் பலர். அவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இன்னொரு மாற்றமும் அப்போது நடந்தது. முதல் பதிப்பில் ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் அதன் புள்ளி அச்சாகியிருந்தது. இரண்டாம் பதிப்பில் புள்ளிகளை அட்டையிலிருந்து எடுத்துவிட்டு, நிறுவனம் அவ்வப்போது வெளியிடும் பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள். அளவுக்கு மீறி வலுவான கப்பலின் விலையை ஏற்றலாம், யாரும் தொடாத கப்பலின் விலையைக் குறைக்கலாம். கைதட்டி வரவேற்றேன். அது எத்தனை பெரிய சாவி என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அட்டை உங்கள் வீட்டில் இருக்கும். அதன் மதிப்பு வேறு ஒருவர் கையில் இருக்கும். அந்த ‘வேறு ஒருவர்’ மாறினால்?

மாறினார். மேலே முதலாளிகளும் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஃபேன்டசி ஃப்ளைட் 2014இல் பிரெஞ்சு நிறுவனமான அஸ்மோடியோடு இணைந்தது. அஸ்மோடியை 2018இல் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2022இல் ஸ்வீடனின் எம்ப்ரேசர் 275 கோடி யூரோவுக்கு அதை வாங்கியது. ஃபேன்டசி ஃப்ளைட்டைத் தொடங்கிய கிறிஸ்டியன் பீட்டர்சன் 2018இலேயே விலகியிருந்தார். அட்டாமிக் மாஸிடம் விளையாட்டு வந்து சேர்ந்தது 2020 நவம்பரில், இரண்டு பேர் எதிரெதிரே உட்காரவே உலகம் பயந்த நேரம். மேசையைச் சுற்றிக் கூடினால்தான் உண்டு என்ற ஒரு விளையாட்டை அப்படி ஒரு நேரத்தில் ஏற்று நடத்துவது யாருக்கும் சுலபமில்லை. இதைச் சொல்லாமல் அவர்களைத் திட்டினால் நியாயமாகாது.

இப்போது 2022 மாற்றத்துக்கு வருகிறேன். அதிகாரபூர்வப் பெயர் இல்லாவிட்டாலும் நாம் எல்லோரும் ‘2.5’ என்றே சொல்கிறோம். அதில் ஒரு காரியம் சரியானது. இரண்டாம் பதிப்பில் சம திறமையுள்ள விமானிகள் எதிரெதிரே நின்றால், படைக்குக் குறைந்த புள்ளி செலவழித்தவர்தான் யார் முதலில் நகர்வது என்று தீர்மானிப்பார். பின்னால் நகர்வது பெரிய லாபம். அதற்காக, அந்தப் பதிப்பில் படைக்கு உரிய 200 புள்ளியில் பத்துப் பதினைந்தைச் செலவழிக்காமலே விட்டுவிட்டு வருவார்கள். ஆட்டம் மேசைக்கு வரும் முன்பே பாதி முடிந்திருக்கும். புதிய விதியில் எல்லா டயலும் வைத்த பிறகு, ஒவ்வொரு சுற்றுக்கும் யார் முதல் என்பதைப் பகடை முடிவு செய்யும். எதிர்த்தவர்கள் அநேகம். நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன்.

மற்ற மாற்றங்கள் வேறு ரகம். 200 புள்ளிக் கணக்கு 20 புள்ளியானது. கப்பலுக்குக் கூடுதல் வலு தரும் கருவி அட்டைகளுக்கு ஒவ்வொரு விமானிக்கும் தனி ஒதுக்கீடு. ஒருவரிடம் மிச்சம் பிடித்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. படையில் குறைந்தது மூன்று கப்பல் இருந்தாக வேண்டும். ஆகவே இரண்டு பெரிய கப்பல்களை வைத்து ஆடியவர்களின் படை ஒரே இரவில் இல்லாமல் போனது. ஆட்டத்தின் இலக்கும் மாறியது. எதிரியை வீழ்த்துவதோடு, களத்தில் வைத்த குறியிடங்களைப் பிடித்தும் புள்ளி சேர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் வலித்தது இவற்றில் எதுவும் இல்லை. மோதல் விதி. நீங்கள் போட்டியில் ஆடியவர், உங்களுக்குப் புரியும். மற்ற வாசகர்களுக்காக ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

முதல் பதிப்புக் காலம். எதிரே என் நண்பர் சூன்டிர் ஃபெல் என்ற பேரரசு விமானியை ஓட்டுகிறார். திறமை 9, எல்லோருக்கும் கடைசியில் நகர்பவர், நினைத்த இடத்தில் நழுவித் தப்புபவர். என்னிடம் ஒரு பழைய இஸட்-95, பேண்டிட் ஸ்குவாட்ரன் விமானி, திறமை 2, விலை 12 புள்ளி. என் படையிலேயே மட்டமான கப்பல். அவர் இரண்டு விண்கற்களுக்கு நடுவே இருந்த சந்தில் நுழைவார் என்று எனக்குத் தோன்றியது. டயலைக் கையால் மூடியபடி ‘நேர் ஒன்று’ வைத்தேன். என் கப்பல் முதலில் நகர்ந்து அந்தச் சந்தின் வாயில் போய் நின்றது. அவர் டயலைத் திறந்தார். அந்தச் சந்துதான். அச்சை வைத்துப் பார்த்தால் அவருடைய கலம் நிற்க இடமில்லை, என் கப்பலின் முதுகில் முட்டி நின்றது. முட்டினால், நகர்ந்த பின் செய்யும் எந்தச் செயலும் அந்தச் சுற்றில் கிடையாது. தப்பும் வித்தை எல்லாம் அந்தச் செயலில்தான். தற்காப்புக்கான வெறும் பச்சைப் பகடையோடு நின்றார். ஒரு பச்சைப் பகடையின் எட்டு முகங்களில் தப்புதல் மூன்றில்தான் இருக்கிறது. பின்னாலிருந்த என் இரண்டு எக்ஸ்-விங்கும் சுட்டன. ஃபெல் அட்டையை அவரே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

12 புள்ளிக் கப்பல், ஒரு குண்டும் சுடாமல், களத்தின் மிகச் சிறந்த விமானியை வீழ்த்தியது. இதுதான் வழிமறிப்பு. எந்த அட்டையிலும் எழுதியிருக்காது, எந்தப் பெட்டியிலும் விலைக்குக் கிடைக்காது. ஆடி ஆடித்தான் வரும். 2.5இல் எதிரியோடு முட்டிய கப்பலும் அழுத்தம் என்ற தண்டனையை ஏற்றுக்கொண்டு கவனத்தைக் குவிக்கும் செயலை எடுக்கலாம் என்றார்கள். ஒட்டி நிற்கும் கப்பலைச் சுடவும் அனுமதித்தார்கள். வழிமறிப்பின் கூர் மழுங்கிவிட்டது.

என் தீர்ப்பு இதுதான். பத்து வருடம் ஆடியவரிடம் இருந்த உண்மையான சொத்து கப்பல்கள் இல்லை, கண்ணும் கையும் பழகிய அந்த அறிவு. 2018இல் அட்டைகள் செல்லாமல் போயின, அறிவு செல்லுபடியானது. அதனால் முனகிக்கொண்டே பணம் கொடுத்தோம். 2022இல் அட்டைகள் பெரும்பாலும் செல்லுபடியாயின, அறிவின் ஒரு பகுதி செல்லாமல் போனது. அதை மாற்றுப் பெட்டியில் வாங்க முடியாது. புதிய விதிகள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. அவற்றோடு தொடங்கியவர்கள் ரசித்து ஆடியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வேறொரு விளையாட்டு. ஏற்கெனவே உயிரோடு இருந்த விளையாட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

எங்கள் குழுவின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நிறுவனத்துக்குப் பங்கில்லை. 14 பேர் சனிக்கிழமை தோறும் கூடினோம். 200 புள்ளியா, 20 புள்ளியா என்று எங்களுக்குள் பேச்சு தடித்தது. ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது என்று வைத்திருக்கலாம். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது நான்கு பேர் கூடுகிறோம்.

கேள்வி: முதல் பதிப்புக் கப்பல்கள்தான் என்னிடம் இருக்கின்றன. மாற்றுப் பெட்டி கிடைக்கவில்லை. அப்படியே ஆடலாமா?

தாராளமாக. புள்ளி அட்டையிலேயே அச்சாகியிருப்பதால் உங்களுக்கு யாருடைய பட்டியலும் வேண்டாம். 100 புள்ளிக்கு ஒரு படை. முதல் இரண்டு வருடங்களில் வந்த கப்பல்களோடு மட்டும் நின்றுகொள்ளுங்கள். சமநிலை அங்கேதான் நன்றாக இருக்கும். எட்டு அகாடமி விமானிகள், தலைக்கு 12 புள்ளி, மொத்தம் 96. டை ஃபைட்டர் கூட்டத்தை ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். எட்டுக் கப்பலும் ஒன்றோடொன்று முட்டாமல் திரும்பினால் உங்களுக்குக் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: என் டை இன்டர்செப்டரின் அடியில் தண்டு மாட்டும் இடம் முறிந்துவிட்டது. புதிது வாங்க வழியில்லை. ஒட்டினால் நிற்குமா?

வெறுமனே ஒட்டினால் நிற்காது. அந்த இடத்தின் பரப்பு அரிசி அளவுதான். ஒவ்வொரு முறை கப்பலைத் தூக்கும்போதும் முழு இழுப்பும் அங்கேதான் விழும். என்னிடமும் மூன்று கப்பல் அப்படி முறிந்தன.

நான் செய்தது இது. முறிந்த இரண்டு முகங்களிலும் நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி. கையால் சுழற்றும் சிறு துளைப்பானில் 1 மில்லிமீட்டர் ஊசி போட்டு, இரண்டு பக்கமும் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளை. அவசரப்பட்டு அழுத்தினால் பிளாஸ்டிக் விரிசல் விடும், விரல் நுனியில் மெதுவாகச் சுழற்றுங்கள். துளைக்குள் ஒரு துண்டு மெல்லிய கம்பி. காகிதக் கவ்வியை நிமிர்த்தி, துளைக்குள் தளர்வாகப் போகிறதா என்று பார்த்து வெட்டினாலே போதும். உடனடிப் பசையை நேராக ஊற்றாதீர்கள். பல்குச்சி நுனியில் ஒரு துளி எடுத்துக் கம்பியில் தடவிச் செருகுங்கள். பசை அதிகமானால் அதன் ஆவி படிந்து ஒளி புகும் பிளாஸ்டிக்கில் வெண்படலம் பிடிக்கும், பிறகு போக்குவது கடினம். ஓர் இரவு தொடாமல் விடுங்கள்.

நியோடிமியம் காந்தம் வைப்பவர்களும் உண்டு. கப்பல் எந்தக் கோணத்திலும் சாய்ந்து நிற்கும், பார்க்க அழகு. ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேண்டாம். அந்தக் காந்தங்களை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வெளியீட்டாளர் மாறினாலே விளையாட்டு அழிந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? கைமாறியும் பிழைத்தவை உண்டா?

உண்டு. எக்ஸ்-விங்கின் சொந்தக் குடும்பத்திலேயே உண்டு. திருப்பத்தை எல்லோரும் ரகசியமாகத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பறப்பது என்ற யோசனை, இத்தாலியர்களான ஆண்ட்ரியா ஆஞ்சியோலினோவும் பியர் ஜியார்ஜியோ பாலியாவும் உருவாக்கி 2004இல் வந்த விங்ஸ் ஆஃப் வார் விளையாட்டில் முன்பே இருந்தது. முதல் உலகப் போர் விமானங்கள், டயலுக்குப் பதில் அட்டைகள். அதை வெளியிட்ட நெக்ஸஸ் நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு ஏரெஸ் கேம்ஸ் 2012இல் விங்ஸ் ஆஃப் குளோரி என்ற பெயரில் அதைத் தொடர்ந்தது. பெயர்தான் மாறியது. பழைய விமானங்களையும் புதியவற்றையும் ஒரே மேசையில் ஆட முடிந்தது.

ராட்சத இயந்திர வீரர்கள் மோதும் பேட்டில்டெக் இன்னும் பெரிய உதாரணம். 1984இல் ஃபாஸா வெளியிட்டது. 2001இல் ஃபாஸா கடையைக் கட்டியது. உரிமை விஸ்கிட்ஸுக்குப் போனது, பிறகு உரிமம் ஃபேன்ப்ரோவுக்கு, 2007 முதல் கேட்டலிஸ்டுக்கு. இத்தனை கைமாற்றத்திலும் அடிப்படை விதிகளில் யாரும் கைவைக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய இயந்திர வீரனின் பதிவுத் தாளை எடுத்துக்கொண்டு போய் இன்று உட்கார்ந்தால் ஏறக்குறைய அப்படியே ஆடலாம். 2019இல் கூட்டு நிதி கேட்டபோது ஆட்டக்காரர்கள் 25 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். தங்கள் பழைய பெட்டி வீணாகாது என்று தெரிந்தவர்கள் கொடுத்த பணம் அது.

ஹீரோஸ்கேப் நடுவில் நிற்கிறது. 2004இல் ஹாஸ்ப்ரோவின் வெளியீடு. அறுகோண ஓடுகளை அடுக்கி மலையும் ஆறும் கட்டலாம். ஹாஸ்ப்ரோவுக்குள்ளேயே விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டுக்குப் போய், 2010இல் நின்றது. 2022இல் உயிர்ப்பிக்க எடுத்த நிதி முயற்சி தோற்றது. 2024இல் ரெனிகேட் நிறுவனம் மறுபடி கொண்டுவந்தது. பழைய ஓடுகளோடு புதிய ஓடுகளும் பொருந்துகின்றன. இடைப்பட்ட பதினான்கு வருடமும் அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் ஆட்டக்காரர்கள்தான்.

கேள்வி: கப்பல்களை விற்றுவிடலாமா?

இடம் இல்லை, ஆள் இல்லை, பணம் தேவை என்றால் விற்றுவிடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். கப்பலையும் அதன் அட்டை, டயலையும் மட்டும் பிரித்து விற்காதீர்கள். டயல் இல்லாத கப்பலை வாங்குபவர் அலமாரியில் மட்டும்தான் வைக்க முடியும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. என் பழைய கப்பல்களைப் பார்த்து ஆடக் கேட்கிறாள். முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, 2.5, ஆட்டக்காரர்கள் தாங்களே நடத்தும் வடிவங்கள் என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதைச் சொல்லிக்கொடுப்பது?

இன்று வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது.

நீங்கள் சொன்னது போல் இப்போது விளையாட்டு ஆட்டக்காரர்களின் கையில் இருக்கிறது. 200 புள்ளி முறையை விடாமல் நடத்தும் லெகசி குழுவினர் 2022இலிருந்தே இருக்கிறார்கள். அதிகாரபூர்வ ஆதரவு நின்ற பிறகு 2.5 முறையின் பட்டியலையும் தன்னார்வலர்களே தொடர்ந்து திருத்துகிறார்கள். உங்கள் ஊரில் ஆடுபவர்கள் எதை ஆடுகிறார்களோ, அதில் போய்ச் சேருங்கள். எங்கள் குழு செய்த தவறைச் செய்யாதீர்கள்.

மகளுக்கு இதெல்லாம் இப்போது தேவையே இல்லை. இரண்டாம் பதிப்பு இருந்தால் அதையே எடுங்கள். அவளுக்கு எக்ஸ்-விங், உங்களுக்கு ஒரே ஒரு டை ஃபைட்டர். கருவி அட்டைகளைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், புள்ளிக் கணக்கும் வேண்டாம். முதல் இரண்டு நாள் பகடையையும் தொடாதீர்கள். மேசையில் ஆறு விண்கல்லைப் பரப்பி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு எதிலும் இடிக்காமல் போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். டயல் அவள் கையில் இருக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் “இது இடிக்கும்மா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இடிக்கட்டும். மூன்றாவது தடவை அவளே மேசை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, தூரம் பார்ப்பாள்.

அதன் பிறகு உங்கள் டை ஃபைட்டரை எதிரே இறக்குங்கள். அவள் டயலைக் குப்புற வைத்ததும் நீங்களும் வையுங்கள். அவள் எங்கே போவாள் என்று நினைத்தீர்கள் என்பதை ஆட்டம் முடிந்த பிறகு அவளிடம் சொல்லுங்கள், அவள் உங்களைப் பற்றி என்ன நினைத்தாள் என்றும் கேளுங்கள். கேட்டதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.